தொட்டதும் விலகும் ஊசி

1972. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரை ஒட்டிய ஃபில்டன். முந்தைய ஆண்டு பிப்ரவரியில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் திவாலாகி, அரசின் கைக்குப் போயிருந்தது. ஆனாலும் ஃபில்டனில் கான்கார்ட் விமானத்துக்கான ஒலிம்பஸ் எஞ்சின் வேலை நிற்கவில்லை. ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்த விமானம் அது. எஞ்சின் பொறியாளர்களை அந்த ஆண்டு திணற அடித்ததோ, எரிபொருள் ஓடும் ஒல்லியான குழாய்கள்!

எஞ்சினைச் சுற்றி வளைந்து நெளிந்து போகும் குழாய்கள் அவை. ஒவ்வொரு வளைவும் வரைபடப்படி இருக்கிறதா என்று சோதிக்க மூன்று அச்சு அளவை இயந்திரம் இருந்தது. அதன் முனையில் விறைப்பான உலோகக் கம்பி. அதை நகர்த்திக் குழாயில் முட்டவைத்துத்தான் அளவெடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் குழாய் வளைந்து கொடுத்துவிடும். அழுத்தாமல் விட்டால் தொட்டதா இல்லையா என்றே தெரியாது. அளக்கப் போன கருவியே அளவைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பிரச்சினை டேவிட் மெக்மர்ட்ரியிடம் வந்தது.

டப்ளினில் பிறந்தவர், வயது 32, எஞ்சின் வடிவமைப்பில் உயர்பொறுப்பு. குழாய் விட்டுக்கொடுக்கிறது என்றால் கம்பி ஏன் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவருக்குப் பட்டது. ஒரு வார இறுதியில் வீட்டு கராஜுக்குள் நுழைந்தார்.

ஊசியின் மேல்முனையில் மூன்று கைகள். ஒவ்வொரு கையும் இரண்டு சிறு குண்டுகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும்; மேலிருந்து ஸ்ப்ரிங் அழுத்தும். ஆறு தொடுபுள்ளிகள் வழியாகவும் மின்சாரம் தொடர்ச்சியாக ஓடும். ஊசி எதிலாவது லேசாகப் பட்டால் ஒரு கை எழும்பும், மின்சுற்று அறுபடும், அந்தக் கணத்தில் இயந்திரம் எங்கே நிற்கிறது என்பது பதிவாகிவிடும். விலகுவது பெரிய வித்தை இல்லை. விலகிய ஊசி ஸ்ப்ரிங் அழுத்தத்தில் திரும்பவும் அதே இடத்தில், ஒரு மைக்ரான் அளவுக்குள், வந்து அமர்ந்ததே, அதில்தான் இருக்கிறது சாமர்த்தியம். ஆனால் இந்தக் கண்டுபிடிப்பு யாருடைய சொத்து?

காப்புரிமை ரோல்ஸ் ராய்ஸிடம் போனது. அந்த நிறுவனத்துக்கு எஞ்சின்தான் தொழில், ஊசி விற்பதல்ல. மெக்மர்ட்ரியும் சக ஊழியர் ஜான் டீரும் 1973இல் ரெனிஷா என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, உரிமம் வாங்கித் தாங்களே தயாரித்தார்கள். 1976இல் வாட்டன்-அண்டர்-எட்ஜ் என்ற சிற்றூரில் சொந்த இடம் கிடைத்தது. அதற்குமுன் அங்கே நடந்தது ஐஸ்க்ரீம் உற்பத்தி!

அதுவரை ஊசி சோதனை அறைக்குள்தான் இருந்தது. வெட்டும் மெஷினிலேயே அதை மாட்டினால்? வெட்டிய ஜாபை, அதாவது உலோகத் துண்டை, கழற்றி, சோதனை அறைக்குக் கொண்டுபோய், குறை கண்டு, திரும்ப மாட்டினால் பழைய இடத்தில் உட்காராது. மெஷினிலேயே அளந்தால் இந்த அலைச்சலே இல்லை. ஆனால் உலோகச் சீவலும் கூலண்ட்டும் தெறிக்கும் இடம். போதாததற்கு, டூல்கள் மாறி மாறிக் கழன்று மாட்டப்படும் ஸ்பிண்டிலில் (டூலைப் பிடித்துச் சுழற்றும் தண்டில்) வயர் இழுக்க முடியாது. காந்தத் தூண்டலும், பின்னர் அகச்சிவப்பு ஒளியும், ரேடியோவும் அந்த வயரின் வேலையை எடுத்துக்கொண்டன.

கணினி இயக்கும் சிஎன்சி மெஷினில் மற்ற டூல்களோடு வரிசையில் காத்திருக்கிறதே, நுனியில் செயற்கை மாணிக்கக் குண்டு வைத்த ப்ரோப், அதன் பூர்வீகம் இதுதான். ஜாபைத் தொட்டு இடம் பார்க்கும். வெட்டியபின் தொட்டு அளவு பார்க்கும். ஆஃப்செட், அதாவது மெஷினில் பதிந்த நிலைத் திருத்தம், தானாகத் திருந்தும். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூடேறினாலே சுமார் 12 மைக்ரான் நீளும் என்பதால், நாள் முழுக்க ஓடும் மெஷினுக்கு இது அவசியம்.

ஒரு வரம்பு உண்டு. ப்ரோப் அளப்பது மெஷினின் அச்சுகளை நம்பித்தான். அச்சே கோணலானால், தப்பாக வெட்டிய ஜாபையும் அது சரியென்றே சொல்லும். அளவு தெரிந்த மாஸ்டர் துண்டை அதே மெஷினில் வைத்து அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.