மேற்படிப்பா, களப்பணியா? ராணுவ அதிகாரிகள் எதிர்கொள்ளும் முக்கியத் தேர்வு - முழு விவரம்

மாதேஸ்வரன் மலை: மேட்டூரிலிருந்து பாலாற்றைக் கடந்து கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பாதை, சீருடைப் பணியில் இருப்போருக்கு இன்றும் ஒரு பாடமாக விளங்குகிறது. 1993 ஏப்ரல் 9 அன்று, சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனின் கும்பல் பாலாறு அருகே புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகள் வெடித்து 22 பேர் உயிரிழந்தனர். காட்டை அறியாமல் காட்டுக்குள் செல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தச் சம்பவம் உணர்த்தியது.

நீலகிரி மாவட்டம் குன்னூரை அடுத்த வெலிங்டனிலும் ஒரு பாடம் கற்பிக்கப்படுகிறது. ஆனால் அது வகுப்பறைப் பாடம். முப்படைகளின் நடுத்தர நிலை அதிகாரிகள் ஏறத்தாழ ஓராண்டு காலம் அங்கு தங்கிப் போர்க்கலையையும் உத்திகளையும் பயில்கின்றனர்.

களம், வகுப்பறை ஆகிய இரண்டில் எதற்கு முதலிடம் தருவது என்ற கேள்வியை ராணுவ அதிகாரி ஒவ்வொருவரும் தமது முப்பதாவது வயதையொட்டிச் சந்திக்க நேரிடுகிறது. அந்த முடிவு பதவி உயர்வையும் குடும்ப வாழ்வையும் மட்டுமன்றி, பிற்காலத்தில் அவரது ஆணையை ஏற்று நடக்கும் வீரர்களின் உயிரையும் பாதிக்கக் கூடியது. அதன் பின்னணியை இத்தொகுப்பில் காண்போம்.

பதவி உயர்வின் படிகள்

டேராடூனிலுள்ள இந்திய ராணுவ அகாடமி, சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி போன்றவற்றில் பயிற்சியை நிறைவு செய்வோர் லெப்டினன்ட் பதவியில் பணியைத் தொடங்குகின்றனர். அஜய் விக்ரம் சிங் குழுவின் பரிந்துரைகளை ஏற்று 2004-ல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 2 ஆண்டுப் பணிக்குப் பின் கேப்டன், 6 ஆண்டுகளில் மேஜர், 13 ஆண்டுகளில் லெப்டினன்ட் கர்னல் என்ற நிலைகளை ஓர் அதிகாரி எட்ட முடியும். இதற்குரிய துறைத் தேர்வுகளில் தேர்ச்சி பெற்று, பணிப்பதிவு திருப்திகரமாக இருந்தால் போதுமானது.

கர்னல் பதவி முதல் நிலைமை மாறுகிறது. அதன்பின் ஒவ்வொரு படியும் தேர்வு வாரியத்தின் முடிவைப் பொறுத்தது. பட்டாலியன்களின் எண்ணிக்கை வரம்புக்குட்பட்டது என்பதால், அவற்றுக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பும் குறைவே. ஆண்டு ரகசிய அறிக்கைகள், பயிற்சி வகுப்புகளில் பெற்ற தரம், வீரதீர விருதுகள், வகித்த பொறுப்புகள் ஆகியவற்றை வாரியம் பரிசீலிக்கிறது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மேஜர் நிலையில் நூறுக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்ட கம்பெனிக்கு அல்லது அதற்கு இணையான பிரிவுக்குக் குறிப்பிட்ட காலம் தலைமை தாங்கியிருப்பது, கர்னல் பதவிக்கான பரிசீலனையில் அடிப்படைத் தகுதியாகக் கொள்ளப்படுகிறது. பட்டாலியனுக்குத் தலைமை தாங்குவது அடுத்த கட்ட உயர்வுக்கு அவசியம். வெலிங்டன் படிப்பு அவ்வாறு கட்டாயமானது அன்று. ஆனால் பெற்றவருக்குப் பெரும் சாதகமாக அமைகிறது. சுருங்கச் சொன்னால், தலைமைப் பொறுப்பு நிபந்தனை, மேற்படிப்பு போட்டி.

வெலிங்டன் கல்லூரியின் பங்கு

ஆங்கிலேயர் ஆட்சியில் 1905-ல் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் தொடங்கப்பட்ட பணியாளர் கல்லூரி, 1907-ல் குவெட்டாவுக்கு மாற்றப்பட்டது. நாட்டுப் பிரிவினையின்போது குவெட்டா பாகிஸ்தான் வசம் சென்றதால், இந்தியாவுக்கெனத் தனிக் கல்லூரி தேவைப்பட்டது. வெலிங்டன் அதற்குத் தேர்வானது. 1948-ல் அங்கு முதல் வகுப்பு தொடங்கியது. பின்னர் மூன்று படைகளின் அதிகாரிகளும் சேர்ந்து பயிலும் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியாக அது வளர்ந்தது.

தற்போது நட்பு நாடுகளின் அதிகாரிகள் உள்பட நானூறுக்கும் அதிகமானோர் ஒவ்வோர் ஆண்டும் இங்கு பயில்கின்றனர். படிப்பை நிறைவு செய்வோருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுகள் பிரிவில் முதுநிலை அறிவியல் பட்டம் வழங்குகிறது.

தரைப்படை அதிகாரிகள் இதில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். போர்த்தந்திரம், ராணுவச் சட்டம், நிர்வாகம், ராணுவ வரலாறு, நடப்பு நிகழ்வுகள் முதலான பாடங்களில் வினாக்கள் இடம்பெறும். எழுதக்கூடிய சேவைக் காலத்துக்கும் வாய்ப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. தொழில்நுட்பத்தில் நாட்டமுள்ளோருக்குப் புனேயில் தனிப் படிப்பு உள்ளது. கல்வி விடுப்பு பெற்றுப் பல்கலைக்கழகங்களில் பயில்வோரும், படையின் சார்பில் ஐஐடிகளில் எம்.டெக். படிப்போரும் உள்ளனர்.

வெலிங்டனோடு படிப்பு முடிவதில்லை. மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரிலுள்ள ராணுவப் போர்க் கல்லூரி, செகந்திராபாதிலுள்ள பாதுகாப்பு மேலாண்மைக் கல்லூரி, 1960-ல் புதுடெல்லியில் தொடங்கப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்லூரி என மூத்த அதிகாரிகளுக்கான கல்வி தொடர்கிறது. ஆனால் பிற்காலப் பாதையைப் பெரிதும் தீர்மானிக்கும் முதல் திருப்பம் வெலிங்டன் நுழைவுத் தேர்வே.

ஒரே காலத்தில் இரு கடமைகள்

இத்தேர்வை எழுத வேண்டிய வயதும், களத்தில் நேரடித் தலைமை வகிக்க வேண்டிய வயதும் ஒன்றே. ஒரு மேஜர், ராஷ்டிரிய ரைபிள்ஸ் பிரிவில் ஜம்மு காஷ்மீரிலோ, வடகிழக்கு எல்லையிலோ கம்பெனியை வழிநடத்தும் அதே ஆண்டுகளில்தான் பாடநூல்களையும் புரட்ட வேண்டியுள்ளது. திருமணம், குழந்தைகள், பெற்றோரின் முதுமை ஆகியவையும் அந்தக் காலத்திலேயே வந்து சேர்கின்றன. களப் பகுதிகளில் பெரும்பாலும் குடும்பத்துடன் வசிக்க இயலாது. வெலிங்டனில் இயலும். எனவே சிலருக்கு அந்த ஓராண்டு, படிப்பு என்பதைக் காட்டிலும் குடும்பத்தோடு கழிக்கும் அரிய காலமாகவும் அமைகிறது.

களப்பணியின் விலை என்ன என்பதைத் தமிழகம் நன்கு அறியும். சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயின்ற மேஜர் முகுந்த் வரதராஜன், 44-ஆவது ராஷ்டிரிய ரைபிள்ஸ் பிரிவில் பணியாற்றியபோது, 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியானில் பயங்கரவாதிகளுடனான மோதலில் வீரமரணம் அடைந்தார். அப்போது அவருக்கு வயது 31. அவருக்கு மறைவுக்குப் பின் அசோக சக்ரா விருது அறிவிக்கப்பட்டது.

படிப்புக்காகப் பிரிவை விட்டு ஒருவர் விலகும்போது, அவரது சுமையைச் சக அதிகாரி ஏற்க வேண்டியிருக்கிறது. அதிகாரிகள் பற்றாக்குறை உள்ள பிரிவுகளில் இது மேலும் கடினமாகிறது. தேர்வுக்குத் தயாராக அவகாசம் கிடைப்பதும் எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. அமைதியான நிலையத்தில் இருப்பவருக்கும் பனிமலைக் காவல் சாவடியில் இருப்பவருக்கும் வினாத்தாள் ஒன்றுதான்.

வரலாறு உணர்த்துவது

பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் வாழ்க்கையில் களமும் கல்வியும் மாறி மாறி அமைந்தன. 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பகுதியில் ஜப்பானியருடனான சண்டையில் படுகாயமுற்று, ராணுவச் சிலுவை விருது பெற்ற அவர், 1943-ல் குவெட்டா கல்லூரியில் பயின்றார். பின்னர் மீண்டும் பர்மா போர்முனைக்குச் சென்றார். பிற்காலத்தில் வெலிங்டன் கல்லூரியின் தலைவராகவும் பொறுப்பு வகித்தார். 1971 போரில் தரைப்படைத் தளபதியாக வெற்றி கண்ட அவர், ஓய்வுக்குப் பின் குன்னூரிலேயே வாழ்ந்து, 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார்.

இதற்கு மாறான பாடத்தை 1962 சீனப் போர் தந்தது. வடகிழக்கு எல்லையில் நான்காவது படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்ற லெப்டினன்ட் ஜெனரல் பி.எம்.கவுல், போர்முனையில் படைகளை வழிநடத்திய அனுபவம் இல்லாதவர் என்ற கடும் விமர்சனத்துக்கு உள்ளானார். தோல்விக்குப் பின் அவரது இடத்துக்கு அனுப்பப்பட்டவர் மானெக்‌ஷா.

எனினும் போர் அனுபவம் இல்லாதோர் தோற்பர் என்று பொதுவிதி வகுக்க இயலாது. அமெரிக்காவின் டுவைட் ஐசனோவர், முதல் உலகப் போரின்போது போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. 1926-ல் லெவன்வொர்த் பணியாளர் கல்லூரியில் முதலிடம் பெற்ற அவர்தான், 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் தரையிறங்கிய நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி. ஒரு பட்டாலியனை நடத்துவதற்கும், பல நாட்டுப் படைகளை ஒருங்கிணைப்பதற்கும் வேண்டிய ஆற்றல்கள் வெவ்வேறானவை என்பதை இது காட்டுகிறது.

செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் கே.சுந்தர்ஜி, வெலிங்டனிலும் லெவன்வொர்த்திலும் பயின்றவர். காங்கோவில் ஐ.நா. படையில் பணியாற்றிய அனுபவமும் அவருக்கு இருந்தது. இந்திய ராணுவத்தில் இயந்திரமயக் காலாட்படை உருவானதில் அவரது பங்கு பெரிது. 1986 முதல் 1988 வரை தரைப்படைத் தளபதியாக இருந்தார்.

நாட்டின் முதல் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் வெலிங்டன் மாணவரே. 2021 டிசம்பர் 8 அன்று, அதே கல்லூரியில் உரையாற்றச் சென்றபோதுதான் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் அவர் உயிரிழந்தார். அந்த விபத்தில் படுகாயமடைந்து பின்னர் மரணமடைந்த குரூப் கேப்டன் வருண் சிங், நடுவானில் கோளாறு ஏற்பட்ட தேஜஸ் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கியதற்காகச் சௌரிய சக்ரா பெற்றவர். களத்தில் சாதித்த அவர், அப்போது வெலிங்டனில் பயிற்றுநராகப் பணியாற்றி வந்தார்.

மாதேஸ்வரன் மலை தந்த பாடம்

வீரப்பன் தேடுதல் வேட்டை ராணுவ நடவடிக்கை அன்று. தமிழ்நாடு, கர்நாடக மாநிலக் காவல்துறைகளின் சிறப்பு அதிரடிப்படைகளே அதை முன்னின்று நடத்தின. எல்லைப் பாதுகாப்புப் படையினரும் 1990-களில் இப்பகுதிக்கு அனுப்பப்பட்டனர். ஆயுதமும் ஆள்பலமும் மிகுந்திருந்தும், காட்டின் ஒற்றையடிப் பாதைகளையும் மலைக் கிராம மக்களின் மனநிலையையும் அறியாத வரையில் பலன் கிட்டவில்லை.

2003-ல் தமிழக அதிரடிப்படைக்குத் தலைமை ஏற்ற ஐ.பி.எஸ். அதிகாரி கே.விஜயகுமார், அதற்கு முன் எல்லைப் பாதுகாப்புப் படையில் காஷ்மீரில் பணியாற்றியவர். காட்டுக்குள் தேடிச் செல்வதைக் காட்டிலும், பொறுமையாகத் தகவல் திரட்டி வீரப்பனைக் காட்டை விட்டு வெளியே வரச்செய்யும் உத்தி கைக்கொள்ளப்பட்டது. 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அந்த நடவடிக்கை முடிவுக்கு வந்தது. அதன்பின் விஜயகுமார் ஐதராபாத் தேசியக் காவல் அகாடமியின் இயக்குநராகவும், 2010-ல் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் தலைமை இயக்குநராகவும் பொறுப்பேற்றார். களத்தில் கற்றது வகுப்பறைக்கும், வகுப்பறையிலிருந்து மீண்டும் களத்துக்கும் சென்றது என்பது குறிப்பிடத்தக்கது.

வாய்ப்பே மறுக்கப்பட்டவர்கள்

படிப்பா, களமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையே நீண்ட காலம் பெண் அதிகாரிகளுக்கு இல்லை. 2020 பிப்ரவரி 17 அன்று, பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கான மதிப்பீட்டு முறையே பாகுபாடானது என்று 2021 மார்ச் 25 அன்று மற்றொரு தீர்ப்பில் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. நிரந்தரப் பணி கிடைக்காது என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட பழைய ரகசிய அறிக்கைகளைக் கொண்டு பின்னாளில் தகுதியை அளவிட்டது, அத்தீர்ப்பில் விமர்சிக்கப்பட்டது.

2022-ல் முதன்முறையாக 6 பெண் அதிகாரிகள் பணியாளர் கல்லூரிப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வில் தேர்ச்சி பெற்றனர். 2023-ல் கர்னல் பதவியில் 108 இடங்களுக்குப் பெண் அதிகாரிகளுக்கெனச் சிறப்புத் தேர்வு வாரியம் கூடியது. படிப்பும் தலைமைப் பொறுப்பும் இரண்டும் மறுக்கப்பட்டால் உயர்வுக்கான வழியே அடைபடும் என்பதற்கு இது சான்றாகும்.

முடிவெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

* கம்பெனித் தலைமைக்குரிய காலத்தை நிறைவு செய்யாமல் படிப்பை மட்டும் நம்புவது, பின்னர் கர்னல் தேர்வில் பின்னடைவை ஏற்படுத்தலாம்.
* நுழைவுத் தேர்வுக்கான வாய்ப்புகள் வரம்புக்குட்பட்டவை. "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என ஒத்திப்போடுவது வாசலையே அடைத்துவிடலாம்.
* பொறியியல், சிக்னல்ஸ் போன்ற பிரிவினருக்குத் தொழில்நுட்ப மேற்படிப்பு கூடுதல் பயன் தரும். காலாட்படையினருக்கு களத் தலைமையின் எடை அதிகம்.
* நீண்ட கல்வி விடுப்பு அறிவை வளர்க்கும். அதே வேளையில் தலைமைப் பொறுப்பு குறித்த அறிக்கைகள் சேரும் காலத்தை அது குறைக்கும்.
* ஓய்வுக்குப் பிந்தைய வாழ்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகப் பட்டம் அப்போது கைகொடுக்கும்.

அமெரிக்காவில் 1986-ல் நிறைவேறிய கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டம், முப்படைகளும் இணைந்து செயல்படும் பணிகளில் அனுபவம் பெறுவதை ஜெனரல் பதவிக்கான பாதையில் முக்கிய நிபந்தனையாக்கியது. கல்வியையும் பணி அனுபவத்தையும் அதிகாரியின் தனிப்பட்ட விருப்பத்துக்கு மட்டும் விடாமல், நிர்வாகமே வரிசைப்படுத்தித் தர வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

வெலிங்டன் கல்லூரியின் குறிக்கோள் வாசகம், போரை அறிவோடு நடத்துக என்னும் பொருள்படும் சமஸ்கிருதத் தொடராகும். அந்த அறிவின் ஒரு பகுதி நூலகத்தில் உள்ளது. மற்றொரு பகுதி, பாலாற்றுப் பாதை போன்ற இடங்களில் உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது. ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளிய அதிகாரியைக் காட்டிலும், இரண்டுக்கும் உரிய காலத்தை அறிந்து ஒதுக்கியவரே தம் வீரர்களுக்கு நம்பிக்கையான தலைவராக அமைகிறார்.