எழுதியவர் யார்? ஒன்பது பக்கக் கட்டுரையும் ஒரு வழக்கும்

கையால் எழுதிய காலத்தில் மையும் தாளும் கையெழுத்துமே எழுதியவரைக் காட்டிக் கொடுத்தன. கணினியில் எழுதிய ஆவணத்தில் இவை எதுவும் இல்லை. அப்படியானால் "இதை எழுதியவன் நான்தான்" என்று நிரூபிப்பது எப்படி? லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல பாடம்.

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று இணையத்தில் வெளியானது. பிட்காயின் பிறந்த கதை அதுதான். எழுதியவர் யார் என்பது இன்றும் தெரியாது.

2016இல் ஆஸ்திரேலியக் கணினி அறிஞர் கிரெய்க் ரைட், அது தானே என்றார். ஆதாரமாக அவர் வெளியிட்ட மின்கையொப்பமோ 2009ஆம் ஆண்டுப் பரிமாற்றம் ஒன்றிலிருந்து எடுத்த பழைய கையொப்பம்! 2019இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் கட்டுரையைத் தன் பெயரில் பதிந்தார். புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று தாங்கள் விசாரிப்பதில்லை என அந்த அலுவலகமே விளக்கம் சொன்னது. ஆனாலும் 2021இல், எதிர்த்தரப்பு ஆஜராகாத ஒரு வழக்கில், பிட்காயின் தளம் ஒன்றிலிருந்து கட்டுரையை நீக்க அவர் உத்தரவு பெற்றார்.

நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று அவர் மீது தொடுத்த வழக்கு 2024இல் விசாரணைக்கு வந்தது. ரைட் கொடுத்த கோப்புகளை நிபுணர்கள் ஆராய்ந்தனர். பழைய தேதியிட்ட கோப்பில் 'நிர்மலா யுஐ' எழுத்துருவின் பெயர் பதிந்திருந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான அந்த எழுத்துரு 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்தது! மூலக் கட்டுரை ஓப்பன் ஆபிஸ் மென்பொருளில் உருவானது. ரைட் சொன்னதோ லேடெக். அந்த லேடெக் கோப்புகளிலும் 2023இல் திருத்தம் செய்த தடயம் கிடைத்தது.

ரைட் சதோஷி அல்ல என்று மார்ச் 14 அன்று நீதிபதி மெல்லர் அறிவித்தார். மே மாதம் வெளியான விரிவான தீர்ப்பு, அவர் பெருமளவில் போலி ஆவணங்கள் தயாரித்ததாகக் கூறியது.

இதில் நமக்கு என்ன பாடம்? பெர்ன் உடன்படிக்கையின்படி எழுதியவுடனே பதிப்புரிமை கிடைக்கிறது. இந்தியாவிலும் பதிவு கட்டாயமில்லை. ஆனால் சண்டை வந்தால் ஆதாரம் வேண்டும். நம் கணினியில் உள்ள தேதியை யாரும் மாற்றலாம். ஆகவே நண்பர்களே, வரைவுகளை அழிக்காதீர்கள். எழுதி முடித்ததும் நம்பிக்கையான ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். நம் கை படாத இடத்தில் பதிவான தேதிக்குத்தான் மதிப்பு அதிகம்.