மான்செஸ்டர் இசைப்பள்ளியும் பேசத் துணிந்த ஆசிரியர்களும்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சீத்தம் இசைப்பள்ளி என்றொரு பழம்பெரும் பள்ளி உண்டு. துணி வணிகர் அம்ஃப்ரி சீத்தம் 1653இல் மறைந்தபோது ஏழைச் சிறுவர் கல்விக்கென எழுதிவைத்த செல்வத்தால் பிறந்த அறநிலையம் அது. 1969இல் இசைக்கே உரிய உறைவிடப் பள்ளியாக மாறியது. எட்டு வயதுப் பிள்ளைகளும் பெற்றோரைப் பிரிந்து அங்கே தங்கிப் பயிலலாயினர்.

இசைக்கல்வியின் இயல்பை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். கணிதமோ வரலாறோ முப்பது பேர் அமர்ந்த வகுப்பில் நடக்கும். வயலின் பாடமோ மூடிய அறையில், ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் என்று நடக்கிறது. கையைப் பிடித்துத் திருத்துவதும் அங்கே பாடமே. மேடை வாய்ப்பும் கல்லூரி இடமும் அதே ஆசிரியரின் ஒரு சொல்லில் தொங்குகின்றன. குருவை எதிர்த்துப் பேசலாகாது என்று வளர்க்கப்பட்ட நமக்கு அந்தப் பிள்ளைகளின் வாய் ஏன் அடைத்துப்போயிற்று என்பதை விளக்கத் தேவையில்லை.

மைக்கேல் புரூவர் 1975 முதல் அப்பள்ளியின் இசை இயக்குநர். புகழ்பெற்ற பாடகர்குழு நடத்துநர். பதினேழு வயது மாணவி ஒருத்தியோடு அவருக்கிருந்த உறவு 1994இல் வெளிப்பட்டபோது, உடல்நலக் காரணம் கூறி விலக அவருக்கு வழிவிடப்பட்டது. மறு ஆண்டே அரசு விருதும் வந்தது! நிறுவனம் தன் பெயரைக் காத்துக்கொண்டது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அம்மௌனத்தைக் கலைத்தவர்கள் ஆசிரியர்களே. 2002இல் அதே நகரின் அரச வடக்கு இசைக்கல்லூரியில், மாணவியரோடு முறைகேடாக நடந்தவர் என்று பேசப்பட்ட ஒருவருக்கு உயர்பதவி அளிக்கப்பட்டது. அங்கே கற்பித்த பியானோ கலைஞர் மார்ட்டின் ராஸ்கோ எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார். பயனில்லாமற்போகவே வேலையைத் துறந்தார். (பதவி பெற்றவர் மீது பின்னாளில் தொடுக்கப்பட்ட குற்ற வழக்கில் 2015இல் அவர் விடுதலையானார் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.)

பிரான்சஸ் ஆண்ட்ராடே என்னும் வயலின் கலைஞர், தாம் பதினான்கு வயதில் புரூவரிடம் பட்ட துன்பத்தைத் தோழியொருவரிடம் சொல்லியிருந்தார். அத்தோழியும் குரலிசை ஆசிரியையே. 2011இல் அவர் காவல்துறைக்குத் தெரிவித்தார். ஆனால் ஆண்ட்ராடேயின் இசைவைப் பெறாமலே தெரிவித்தார். அவர் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு பிள்ளைகளைக் காக்கும் கடமையும் அவருக்கு இருந்தது. எனினும் வழக்கின் பாரத்தைச் சுமந்தவர் ஆண்ட்ராடேதான். துணைநிற்பது என்பது, துணைநிற்கப்படுபவரின் விருப்பத்தைக் கேட்பதும் ஆகும். 2013 சனவரியில் சாட்சிக்கூண்டில் அவர் பொய்யர் எனக் குறுக்குவிசாரணை செய்யப்பட்டார். சில நாட்களில், தீர்ப்பைக் கேளாமலே உயிர் நீத்தார். பிப்ரவரியில் புரூவர் குற்றவாளியென முடிவாயிற்று, ஆறாண்டுச் சிறை.

அதன்பின்தான் பலரும் வாய்திறந்தனர். பள்ளியின் பழைய மாணவரும் பல்கலைக்கழக இசை ஆசிரியருமான இயன் பேஸ், இசைப்பள்ளிகள் அனைத்தையும் விசாரிக்கக் கோரி விண்ணப்பம் எழுதினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். தேசிய விசாரணைக்குழு 2022இல் வெளியிட்ட உறைவிடப் பள்ளிகள் பற்றிய அறிக்கையில் சீத்தமும் இடம்பெற்றது.

சட்டத்தின் நடை இதனினும் மெதுவானது. பதினாறு வயது கடந்த மாணவியோடு ஆசிரியர் உறவு கொள்வது இங்கிலாந்தில் குற்றமானது 2001இல்தான். புரூவர் 1994இல் எளிதாக விலக முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2022இல் அச்சட்டம் விளையாட்டுப் பயிற்சியாளர்க்கும் சமயப் போதகர்க்கும் விரிக்கப்பட்டது. வீட்டிலிருந்து தனியே இசை பயிற்றுவோரை அவ்விரிவு சேர்த்துக்கொள்ளவில்லை.