மறுசோதனைக்கு எஞ்சும் தடயம்

குற்ற வழக்கில் ஆய்வக அறிக்கை வந்து சேர்ந்ததும் வாதம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. என்ன சோதனை செய்தார்கள், அது எவ்வளவு நுட்பமானது என்று கேட்பவர்கள்கூட, சோதிக்கப்பட்ட பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பது அரிது. அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். தடய வேதியியல் தரும் ஒரு முடிவு அறிவியல் முடிவாக நிற்பதற்குச் சோதனையின் நுட்பம் மட்டும் போதாது. இன்னொருவர் அதே பொருளை எடுத்து அதே சோதனையையோ அதைவிடச் சிறந்த ஒன்றையோ செய்துபார்க்க வழி இருக்க வேண்டும். அந்த வழி அடைபட்டபின் நீதிமன்றத்தின் முன் எஞ்சுவது ஒரு நிபுணரின் சொல் மட்டுமே. ஆஸ்திரேலியாவின் சேம்பர்லின் வழக்கு இதைச் சோதித்துப் பார்க்க மிகவும் உகந்தது. ஒரே காரிலிருந்து எழுந்த இரண்டு தடயவியல் முடிவுகளில் ஒன்றின் ஆதாரம் அழிக்கப்பட்டது, மற்றொன்றின் ஆதாரம் பிழைத்திருந்தது. இரண்டின் கதியும் வேறுவேறாக முடிந்தது.

1980 ஆகஸ்ட் 17 இரவு, உளுரு பாறையை அடுத்த முகாமிலிருந்து அசரியா என்ற ஒன்பது வாரக் குழந்தை காணாமற்போனது. டிங்கோ என்னும் காட்டுநாய் கூடாரத்திலிருந்து குழந்தையைத் தூக்கிச் சென்றுவிட்டதாகத் தாய் லிண்டி சேம்பர்லின் அன்றிரவே சொன்னார். 1981 பிப்ரவரியில் முடிந்த முதல் மரண விசாரணை அதை ஏற்றுக்கொண்டது. பிறகு குடும்பத்தின் ஹோல்டன் டொரானா காரும் குழந்தையின் உடைகளும் மறு ஆய்வுக்குச் சென்றன. வழக்கு திசை மாறியது. 1982 அக்டோபர் 29 அன்று டார்வினில் ஜூரி லிண்டியைக் கொலைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குழந்தையின் உடல் கிடைக்கவில்லை. கொலைக்கான நோக்கம் எதுவும் காட்டப்படவில்லை. காரின் முன்னிருக்கையில் வைத்துக் குழந்தையின் கழுத்தை அறுத்தார் என்ற அரசுத் தரப்புக் கதையின் பாரத்தைப் பெரும்பாலும் காருக்குள் கண்டதாகச் சொல்லப்பட்ட இரத்தமே தாங்கியது.

அந்த இரத்தத்தைத் தேடப் பயன்பட்டது ஆர்த்தோ டாலிடின். இரத்தத்திலுள்ள ஹீம், ஹைட்ரஜன் பெராக்சைடின் முன்னிலையில் இந்த வேதிப்பொருளை ஆக்சிஜனேற்றம் செய்யத் தூண்டும். நீலப்பச்சை நிறம் தோன்றும். மிகச் சிறிய கறையையும் காட்டிக்கொடுப்பதால் களத்தில் இது பயனுள்ள சோதனைதான். ஆனால் அந்த நிறம் சொல்வது, ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது என்பது மட்டுமே. தாவரங்களிலுள்ள பெராக்சிடேஸ் நொதிகளும் வெளுப்பான்களும் செம்புச் சேர்மங்களும் அதே நிறத்தைத் தரவல்லவை. ஆகவேதான் 1853இல் டைக்மன் கண்ட ஹீமின் படிகம், 1912இல் டகயாமா தந்த படிகச் சோதனை போன்றவற்றை உறுதிச் சோதனைகள் என்று தனியே வகைப்படுத்துகிறோம். முதற்கட்டச் சோதனையின் நிறத்தை இரத்தம் என்று எழுதுவது ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதாகும். சேம்பர்லின் குடும்பம் வாழ்ந்த ஊர் மவுண்ட் ஐசா, குயின்ஸ்லாந்தின் செம்புச் சுரங்க நகரம். அங்கே ஓடிய ஒரு காருக்குள் செம்புத் தூசு படிந்திருப்பது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. கறையை ஒட்டிய சுத்தமான இடத்திலிருந்தும் ஒப்பீட்டு மாதிரி எடுக்க வேண்டும் என்று பாடநூல்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். அதே ஊரில் ஓடிய வேறொரு காரைச் சோதித்திருந்தால், அந்த நிறத்தின் மதிப்பு என்ன என்பது விசாரணைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஜூரியின் முன் இன்னும் கனமாக விழுந்தது அடுத்த படி: அது பச்சிளங்குழந்தையின் இரத்தம் என்ற சாட்சியம். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா புரதச் சங்கிலிகள் உண்டு. கருவில் உருவாகும் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி இருக்கும். பிறந்து ஆறு மாதங்களுக்குள் அது பெரும்பாலும் மறைந்துவிடும். காமா சங்கிலியை மட்டும் இனங்காணும் எதிர்ச்சீரம் கையில் இருந்தால், ஒன்பது வாரக் குழந்தையின் இரத்தத்தைப் பெரியவரின் இரத்தத்திலிருந்து பிரித்தறிய முடியும். 1901இல் ஊலன்ஹூத் மனித இரத்தத்தை விலங்கு இரத்தத்திலிருந்து பிரிக்க வகுத்த வீழ்படிவு முறையின் வழிவந்ததே இது. தருக்கத்தில் குறையில்லை. எல்லாம் அந்த எதிர்ச்சீரத்தின் தூய்மையில் இருந்தது. ஆல்பா சங்கிலி இரு வகைக்கும் பொது என்பதால், சீரத்தில் அதற்கான எதிர்ப்பொருள் சிறிது கலந்திருந்தாலும் பெரியவரின் இரத்தமும் வினைபுரியும். உயிரியல் பேராசிரியர் பாரி போட்ச்சர் எதிர்த்தரப்பு நிபுணராக வந்து சுட்டிக்காட்டியது இந்தப் பலவீனத்தைத்தான். சோதனைத் தகடுகளைப் பார்க்கக் கேட்டபோது, அவை ஆய்வகத்தின் வழக்கமான நடைமுறைப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்ற பதிலே கிடைத்தது. தகட்டில் தோன்றிய வீழ்படிவுக் கோடு எத்தனை, எவ்வளவு அழுத்தமானது, எந்தக் கட்டுப்பாட்டு மாதிரியோடு ஒத்தது என்பவை யாரும் திரும்பக் காண முடியாதவை ஆகிவிட்டன.

மற்றத் தடயம், கார் முகப்புப் பலகையின் அடியில் இருந்த உலோகப் பரப்பில் தெறித்திருந்த துளிகள். தமனி அறுந்து பீய்ச்சிய குழந்தை இரத்தம் என்று அதற்கு விளக்கம் தரப்பட்டது. ஆனால் அந்த உலோகம் அழியவில்லை. அதே வகை டொரானா கார்களும் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தன. எதிர்த்தரப்புக்காக உழைத்தவர்கள் அவற்றைத் தேடிப் பார்த்தபோது, அதே இடத்தில் அதே தெறிப்பு இருந்தது. கார் தயாரிப்பின்போது ஒலியை அடக்கத் தெளிக்கப்படும் பூச்சுக் கலவை, ஒரு துளை வழியே உள்ளே சிதறியிருந்தது. 1987இல் அறிக்கை தந்த மார்லிங் அரச ஆணையம், காரில் அசரியாவின் இரத்தம் இருந்ததாக நிறுவப்படவில்லை என்ற முடிவுக்கு வந்தது. 1988 செப்டம்பரில் லிண்டி மீதான தண்டனைத் தீர்ப்பு ரத்தானது. 2012 ஜூன் 12 அன்று மரண விசாரணை அதிகாரி எலிசபெத் மோரிஸ், டிங்கோவே குழந்தையின் சாவுக்குக் காரணம் என்று பதிவு செய்தார். தெறிப்புத் துளிகளைப் பற்றிய பிழையை நேரடியாகச் சுட்டிக்காட்ட முடிந்தது. தகடுகளைப் பற்றிய சர்ச்சையோ கடைசிவரை சீரத்தின் இயல்பு, நிபுணரின் அனுபவம் போன்ற சுற்றுவழிகளிலேயே நடக்க வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பு நிபுணர்கள் 1982 விசாரணையிலேயே சாட்சி சொன்னார்களே, ஜூரி அவர்களைக் கேட்டபின்தானே முடிவெடுத்தது, தகடுகள் இருந்திருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும் என்று ஒருவர் கேட்கலாம். இந்த வாதம் வலுவானது. 1984இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம்கூட மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் ஜூரி கேட்டது எதை என்று பார்க்க வேண்டும். காரைத் தம் கையால் சோதித்த ஒருவர், நான் கண்டேன் என்கிறார். காணாத இன்னொருவர், அப்படிக் கண்டிருக்க முடியாது என்கிறார். பார்க்க ஒரு பொருள் நடுவில் இல்லாதபோது, கண்டவரின் பக்கம் சாய்வது மனித இயல்பு. எதிர்ச்சீரத்தைப் பற்றிய பொதுவான ஐயம் இந்தத் தகட்டைப் பற்றிய குறிப்பான மறுப்பாக மாற வழியே இல்லாமற்போனதுதான் தகடுகளை அழித்ததால் நேர்ந்த தீங்கு. அந்த ஆய்வாளர் கெட்ட எண்ணத்தோடு நடந்தார் என்று கருத வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு செய்த வழக்கமான வேலையே இத்தனை பெரிய அநீதிக்கு இடம் தந்தது என்பது என் வாதத்துக்கு இன்னும் வலுச்சேர்க்கிறது.

இன்னொரு மறுப்பு, டிஎன்ஏ வந்தபின் இவையெல்லாம் பழங்கதை என்பது. டிஎன்ஏ, யாருடையது என்ற கேள்விக்கு வியக்கத்தக்க விடை தருகிறது. அது எப்படி அங்கே வந்தது என்று தானாகச் சொல்வதில்லை. 2007இல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டபோது கிடைத்த டிஎன்ஏ, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் ஏறத்தாழ நாற்பது குற்ற இடங்களில் கண்ட பெயர் தெரியாத ஒரு பெண்ணுடையதோடு பொருந்தியது. 2009இல் ஓர் ஆணின் கைரேகைப் படிவத்திலும் அதே பெண்ணின் டிஎன்ஏ வந்தது. மீண்டும் சோதித்தபோது வரவில்லை. மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைக் கட்டிய தொழிலாளியின் டிஎன்ஏ அது. குச்சிகளில் கிருமி நீக்கப்பட்டிருந்தது, டிஎன்ஏ நீங்கவில்லை. ஆய்வகத்துக் கருவி ஒருமுறைகூடப் பிழை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சேகரிப்பில் நுழைந்த பிழையை வெளியே கொண்டுவந்தது மறுசோதனை. நுட்பம் கூடக்கூட அற்பமான மாசும் தடயமாகத் தோன்றும். மறுசோதனையின் தேவை குறையாது, பெருகும்.

நடைமுறை சார்ந்த மறுப்பே கடினமானது. சில மாதிரிகள் ஒரு சோதனைக்கே போதாத அளவு சிறியவை; எல்லாவற்றையும் காத்துவைக்க எந்த ஆய்வகத்திலும் இடமோ குளிர்சாதனமோ இல்லை. இதில் உண்மை உண்டு. தீர்ந்துபோகும் மாதிரியைச் சோதிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தீர்க்கும் முன் மறுதரப்புக்கு அறிவித்து அவர்களின் நிபுணரை உடனிருக்க அழைக்கலாம். பிரித்தெடுத்த டிஎன்ஏ கரைசலில் எஞ்சியதை உறைநிலையில் வைக்கலாம். தகட்டின் படங்களையும் கருவி தந்த மூலத் தரவையும் காப்பதற்கு அலமாரி தேவையில்லை. கெட்ட எண்ணம் நிரூபிக்கப்படாதவரை, தடயத்தைக் காக்கத் தவறியது உரிமை மீறலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர், சரியாகப் பேணப்படாமல் கெட்டிருந்த அதே தடயத்தின் மீது புதிய முறையில் செய்த டிஎன்ஏ சோதனையால் 2000இல் குற்றமற்றவர் என்று தெரிந்தது. காவலரின் எண்ணம் எப்படியிருந்தாலும் தடயத்தின் இழப்பு ஒன்றே.

இந்தியச் சூழலில் இந்த வாதத்துக்குத் தனி அவசரம் இருக்கிறது. 1849இல் சென்னை மாகாணத்தில் வேதியியல் பரிசோதகர் பதவி ஏற்பட்டதிலிருந்து, அரசு நிபுணரின் அறிக்கைக்கு நம் நீதிமன்றங்கள் பெருமதிப்பு அளித்து வந்திருக்கின்றன. அவரை நேரில் அழைக்காமலே அறிக்கையைச் சான்றாகக் கொள்ள, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு இடம் தந்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு தருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள இதே சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் சென்று தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. வரும் அறிக்கைகளின் எண்ணிக்கை பெருகும். தேனி மாவட்டத்தில் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனைக் கைதியை 2025 ஜூலையில் விடுதலை செய்த உச்ச நீதிமன்றம், டிஎன்ஏ மாதிரிகளை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேடு வைப்பது முதலான நெறிகளை வகுத்தது. ஈரமான துணியைப் பாலிதீன் பையில் கட்டி, பூஞ்சை பூத்தபின் அனுப்பும் வழக்கத்தைக் கண்டவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

ஆய்வகத்தின் கதவு வரை வரும் பாதைக்கு இப்போது ஒரு காவல் கிடைத்திருக்கிறது. கதவுக்கு உள்ளே நடப்பதற்கும் அது வேண்டும். தம் முடிவை நீதிபதி தாமே சரிபார்க்க ஏதுவான அறிவியல் அளவுகோல்களை நிபுணர் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் ஜெய் லால் வழக்கில் கூறியிருக்கிறது. எவ்வளவு மாதிரி வந்தது, எவ்வளவு செலவானது, என்ன எஞ்சியிருக்கிறது, அது எங்கே எந்த வெப்பநிலையில் இருக்கிறது, கட்டுப்பாட்டு மாதிரிகள் என்ன காட்டின என்று ஒவ்வோர் அறிக்கையும் சொல்ல வேண்டும். மூலத் தரவின் படி எதிரிக்குத் தரப்பட வேண்டும். இவை இல்லாத அறிக்கை, நேரில் அழைக்காமலே ஏற்கும் சலுகைக்குத் தகுதியற்றது. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. நிபுணரை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் அதே 329ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. எஞ்சிய மாதிரி பற்றி அறிக்கை மௌனமாக இருக்கும் வழக்குகளிலெல்லாம் விசாரணை நீதிபதிகள் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம்.