வயலின் வந்த வழியில் கிட்டார்



ஒரு நாட்டார் அயல்நாட்டு இசையிலிருந்து எதைக் கொள்கின்றனர், எதைத் தள்ளுகின்றனர் என்பது வரலாறு கற்போர் ஆராயத்தக்க பொருளாகும். மன்னர் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளும் மட்டும் வரலாறு ஆகா. ஓர் இசைக்கருவி கடல் கடந்து வந்து நம் திண்ணையில் அமர்ந்த கதையும் வரலாறே. அக்கதையை இன்று சொல்ல விழைகின்றேன்.

நான் இசைப்புலவன் அல்லேன். சிவகாசிக்கு அருகே, சிமெண்ட் ஆலையால் பலரும் அறிந்த ஆலங்குளத்தில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். வரலாறு கற்பித்துத் தலை நரைத்தவன். இப்பொருளில் என்னைத் தள்ளியது நான் செய்த ஒரு பிழையாகும். அதனை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய பள்ளியில் ஆண்டு விழா நடந்தது. பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் கிட்டாருடன் மேடை ஏறினான். நாங்கள் பாட்டை எதிர்பார்த்திருந்தோம். அவனோ இரண்டு மூன்று நரம்புகளை மட்டும் மெல்ல மெல்ல மீட்டிக்கொண்டிருந்தான். பொறுமை இழந்த நான், “தம்பி, பாட்டு எங்கே?” என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டுவிட்டேன். அவை சிரித்தது. பையன் வாசிப்பதை நிறுத்திக் கீழே இறங்கினான். அதன்பின் அவன் பள்ளி மேடையில் ஏறவே இல்லை.

ஓய்வு பெற்ற பின்னர் ஒரு திருமண வீட்டில் அவரைக் கண்டேன். மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். அருகில் சென்று அன்றைய நிகழ்ச்சியை நினைவூட்டினேன். அவர் புன்னகையுடன், “பாட்டுக்குக் கீழே இருப்பதைத்தான் அன்றைக்கு வாசித்தேன், சார்” என்றார். பாட்டுக்குக் கீழே இருப்பது எது? அவ்வினாவுக்கு விடை தேடியே என் கதை தொடங்குகின்றது.

எங்கள் ஊருக்குத் தென்கிழக்கே உள்ளது எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர் என்று நீங்கள் அறிவீர்கள். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்த ஊரும் அதுவே. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே சமத்தான வித்துவானாக விளங்கினார். இப்பாலுசுவாமியே வயலினைக் கருநாடக இசைக்குள் கொண்டுவந்த முன்னோடி. சென்னைக்கு அருகில் மணலியில் வெங்கடகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்த நாளில், ஐரோப்பியர் ஒருவரிடம் அவர் வயலின் பயின்றார்.

அவர் அக்கருவியை அப்படியே எடுத்துக்கொண்டாரல்லர் என்பதைக் கருதுங்கள். ஐரோப்பியர் வயலினை நின்றுகொண்டு தோளில் ஏந்தி வாசிப்பர். நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் காலின்மேல் ஊன்றினர். நரம்புகளின் சுருதியையும் ச, ப, ச, ப என்று நம் முறைக்கு மாற்றிக்கொண்டனர். மரமும் நரம்பும் அவர்களுடையவை. அமர்வும் சுருதியும் நம்முடையவை.

அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரோ ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுசுரம் என்று அவை வழங்குகின்றன. ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று. அவையெல்லாம் சங்கராபரணத்தில் அமைந்தவை. மேலைநாட்டார் மேஜர் ஸ்கேல் என்று கூறும் சுரவரிசையே நம் சங்கராபரணத்தின் சுரங்கள்.

ஆனால், பாண்டு வாத்தியத்தில் மெட்டு ஒன்று மட்டுமா ஒலித்திருக்கும்? மெட்டின் அடியில் வேறு சுரங்கள் ஒரே நேரத்தில் கூடி ஒலிப்பது மேலை இசையின் இயல்பு. இக்கூட்டத்தைக் கார்டு என்பர். நாம் சுரக்கூட்டு என்று சொல்லலாம். தீட்சிதர் மெட்டை எடுத்துக்கொண்டார். சுரக்கூட்டை விட்டுவிட்டார். இதனை நான் குறையாகக் கருதவில்லை. இராகத்தின் உயிர் கமகத்தில் இருக்கின்றது. ஒரு சுரம் அசைந்தும் வழுக்கியும் அடுத்த சுரத்தை எட்டிப் பார்க்கையில், அதன் அடியில் மூன்று சுரங்கள் அசையாமல் நின்றால் அவ்வசைவுக்கு இடம் குறைந்துவிடும். ஆகவே தமிழகம் முதலில் கருவியைக் கொண்டது, அடுத்து மெட்டைக் கொண்டது, கூட்டை மட்டும் வாயிற்படியில் நிறுத்தி வைத்தது.

இந்தக் கவலை நெடுங்காலம் நீடித்தது. பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரரும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்திலேயே ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை அச்சேற்றினார். ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறியிட்டார் என்றால், அவ்வசைவை அவர் எத்துணை போற்றினார் என்பது விளங்கும். பின்னர் 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கிவைத்தது. அசையாத கட்டைகளில் கமகம் பிறவாது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அத்தடை 1971-இல்தான் தளர்ந்தது.

ஆயினும் சுரக்கூட்டு வேறு வாயில்கள் வழியே உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. கிறித்தவ ஆலயங்களின் பாடற்குழுக்கள் தமிழ்ப் பாடல்களையே நான்கு குரல்களாகப் பிரித்துப் பாடின. எங்கள் சிவகாசி வட்டாரத்திலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மிஷன் பணி நடந்துவந்தது. ஞாயிறு காலையில் ஆலயத்தைக் கடந்து செல்வோர் காதில் அந்நான்கு குரல்களும் விழுந்தன. கேட்டோம், ஆனால் இன்னதென்று அறிந்தோமில்லை.

மற்றொரு வாயில் பம்பாய். அமெரிக்காவில் கறுப்பின மக்கள், அடிமைத்தனத்தின் துயரினின்று மீண்டெழுந்த தலைமுறைகளில் படைத்த இசை ஜாஸ். 1935-இல் லியான் ஆபி என்னும் கறுப்பினக் கலைஞரின் குழு பம்பாய்த் தாஜ்மகால் ஓட்டலில் வாசித்தது. பின்னர் வந்த பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு இந்நாட்டிலேயே தங்கி, 1945-இல் கல்கத்தாவில் காலமானார். இவர்களுடைய இசையைக் கற்றுக்கொண்டவர்கள் கோவா நாட்டுக் கலைஞர்கள். அங்கே ஆலயப் பள்ளிகளிலேயே சிறுவர்க்கு மேலை இசைக்குறியீடு கற்பிக்கப்பட்டது. அக்கல்வியே அவர்களுக்குச் சோறு போட்டது. சிக் சாக்கலேட் என்னும் புனைபெயர் கொண்ட கோவாக் கலைஞர், 1951-இல் வந்த ‘அல்பேலா’ இந்திப் படத்தில் இசையமைப்பாளர் சி. ராம்சந்திராவுடன் பணியாற்றினார். ஓட்டலில் ஒலித்த கூட்டு, திரைப்பாட்டின் வழியே தெருவுக்கு வந்தது.

இனி, கிட்டாருக்கு வருவோம். ஜாஸ் குழுக்களில் ஊதுகருவிகளின் முழக்கத்தில் கிட்டாரின் ஒலி அமிழ்ந்துபோயிற்று. அதற்கு இரண்டு விடைகள் பிறந்தன. 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், மின்விசையால் ஒலி பெருக்கிய கிட்டாரில் தனி வாசிப்பை வளர்த்தார். அவர் 1942-இல், இருபத்தைந்து வயதில் மறைந்தார். மற்றவர் ஃபிரெடி கிரீன். 1937 முதல் 1987-இல் மறையும்வரை கவுண்ட் பேசியின் குழுவில் மின்விசையில்லாக் கிட்டாரை வாசித்தவர். ஆறு நரம்பு இருந்தும் அவர் பெரும்பாலும் இரண்டு மூன்று சுரங்களையே ஒலித்தார். எதனை வாசிப்பது என்பதைவிட எதனை விடுவது என்பதே அவர் கலை.

ஒரு கூட்டிலுள்ள சுரங்களுள் எவற்றை வைப்பது, எவற்றை விடுவது, எது மேலே, எது கீழே என்று அமைப்பதை வாய்ஸிங் என்பர். சுர அடுக்கு என்று நாம் கூறலாம். மாணவர்களே, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்கராபரணத்தின் சுரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுங்கள். ‘ச’ முதல் தொடங்கினால் ச, க, ப, நி. ‘ரி’ முதல் தொடங்கினால் ரி, ம, த, ச. ‘ப’ முதல் தொடங்கினால் ப, நி, ரி, ம. இவை மூன்று கூட்டுகள். ஜாஸில் ரி-கூட்டு, ப-கூட்டு, ச-கூட்டு என்ற வரிசை மிகுதியாக வரும். வெளியூர் சென்றவன் வீடு திரும்புவது போன்ற நடை அது.

இப்போது ஒவ்வொரு கூட்டிலும் முதற்சுரத்தை விட்டுவிடுங்கள். அதனைத் தாழ்சுருதிக் கருவி பார்த்துக்கொள்ளும். மூன்றாவதாக நிற்கும் சுரத்தையும் விடுங்கள். அது உடன்பாட்டைத் தருமேயன்றிப் புதுச்செய்தி தாராது. எஞ்சுவன இரண்டு. ரி-கூட்டில் ம, ச. ப-கூட்டில் ம, நி. ச-கூட்டில் க, நி. இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். முதலில் ‘ம’ அசையாது நிற்க, ‘ச’ மட்டும் ஒரு படி இறங்கி ‘நி’ ஆகின்றது. அடுத்து ‘நி’ அசையாது நிற்க, ‘ம’ மட்டும் ஒரு படி இறங்கிக் ‘க’ ஆகின்றது. கூட்டு மூன்று மாறியும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விரல்தான் நகர்கின்றது. திருமண வீட்டில் என் பழைய மாணவர் இரண்டே நிமிடத்தில் காட்டியது இதுவே. அன்று மேடையில் வாசித்ததும் இதுவே.

நான்கு சுரங்களும் வேண்டுமென்றால் வேறொரு முறை உண்டு. ச, க, ப, நி என்னும் நால்வரைப் படிக்கட்டில் கீழிருந்து மேலாக நிறுத்துங்கள். நெருங்கி நிற்கும் இவர்களை ஒருங்கே பிடிக்கக் கிட்டாரில் இடக்கை விரல்கள் மிக அகல வேண்டும். மேலிருந்து இரண்டாவதாக நிற்கும் ‘ப’-வை எல்லாருக்கும் கீழே இறக்கிவிடுங்கள். ப, ச, க, நி என்றாகும். ஆட்கள் அவர்களே, நிற்கும் வரிசை மட்டும் வேறு. விரல்களுக்கும் எளிது, ஒலியிலும் காற்றோட்டம் பிறக்கும். இதனை டிராப் டூ என்பர். நான் இதனைக் கைக்கொள்ள ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. விரல்நுனி தடிக்கும்வரை எரிச்சல்தான்.

தமிழகத்துக்குத் திரும்புவோம். 1958-இல் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு சென்னைக்கு வந்தது. அக்குழுவின் தாளக்கலைஞர் ஜோ மொரெல்லோ, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைக் கண்டு மகிழ்ந்தார். 1963-இல் டியூக் எலிங்டனின் குழு சென்னையில் வாசித்தது. அக்காலத்தில் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் என்னும் ஆசிரியர், மேலை இசையின் குறியீட்டையும் ஒத்திசைவையும் தம்மை நாடி வந்தவர்க்குக் கற்பித்துவந்தார். பண்ணைப்புரத்திலிருந்து சென்னை வந்த இளையராஜா அவரிடம் பயின்று, இலண்டன் டிரினிட்டி இசைக்கல்லூரியின் கிட்டார்த் தேர்விலும் தேறினார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தது. நாட்டுப்புற மெட்டுக்கு அடியில் சுரக்கூட்டு அமர்ந்தது. தீட்சிதர் வாயிற்படியில் நிறுத்திய விருந்தாளி, நூற்றாண்டுக்கு மேல் கழித்து வீட்டுக்குள் வந்து பந்தியில் அமர்ந்தான். அப்பாடல்களைத் தேநீர்க்கடை வானொலியில் கேட்டு வளர்ந்தவன் நான். என் காதுக்குத் தெரிந்திருந்தது என் அறிவுக்குத் தெரியவில்லை.

அதே 1976-இல் மற்றொன்றும் நிகழ்ந்தது. ஜாஸ் கிட்டாரில் வல்லவரான ஆங்கிலேயர் ஜான் மெக்லாலின், அமெரிக்காவில் வீணை பயின்றவர். அவருடைய ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு அவ்வாண்டில் வெளிவந்தது. வயலினில் எல். சங்கர், கடத்தில் விக்கு விநாயகராம், தபலாவில் ஜாகிர் உசேன் உடன் வாசித்தனர். மெக்லாலின் தம் கிட்டாரின் மெட்டுக்கட்டைகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிக்கொண்டார். எதற்காக? நரம்பை அழுத்தியும் இழுத்தும் கமகம் கொண்டுவருவதற்காக. அங்கே அமர்ந்திருந்த இரு கருவிகளும் ஐரோப்பியப் பிறப்புடையவை. ஆனால் உலகம் வயலினை நம் கருவியாகக் கேட்டது. கிட்டாரையே அயற்கருவியாகக் கேட்டது. பாலுசுவாமி தீட்சிதரின் உழைப்புக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

பெங்களூரில் பிறந்த கார்ல்டன் கிட்டோ, சார்லி கிறிஸ்டியன் வழிவந்த கிட்டார் வாசிப்பைக் கொல்கத்தாவில் பல பத்தாண்டுகள் காத்து, பிறர்க்கும் கற்பித்து, 2016-இல் மறைந்தார். பெரும்புகழ் இல்லாமலும் ஒரு கலை இவ்வாறு கைமாறி வாழ்கின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறுவது இதுதான். வயலின் ஒரே நாளில் நம்முடையதாகவில்லை. யாரோ ஒருவர் முதலில் அமர்ந்து வாசிக்க, யாரோ ஒருவர் சிரிக்காமல் கேட்டதனால் நம்முடையதாயிற்று. கேட்பவர் பொறுமை இல்லையேல் கற்பவர் முயற்சி கருகிவிடும். என் பள்ளி மேடையில் ஒரு பிள்ளை எட்டயபுரத்து வழியில் அடுத்த அடியை வைத்துக்கொண்டிருந்தான். வரலாறு கற்பித்த நான் அதை அறியாது கேலி பேசினேன்.

சென்ற மாதம் அவர் என் வீட்டுக்கு வந்தார். அன்றைய பிழைக்கு மன்னிப்புக் கேட்டேன். பின்னர் நான் பயின்ற மூன்று கூட்டுகளையும் நடுங்கும் விரலால் வாசித்துக் காட்டினேன். அவர் தலை சாய்த்து முடியும்வரை கேட்டார். சிரிக்கவில்லை. “கடைசிக் ‘க’ இன்னும் தெளிவாக விழ வேண்டும், சார். மறுபடி வாசியுங்கள்” என்றார்.

மறுபடி வாசித்தேன்.