பாட்டன் பிறந்த இடம்

பரம்பரையை ஆராய்வது ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். பழைய வீடும் உறுதிப் பத்திரங்களும் உடைய குடும்பங்களுக்கு அது பெருமை தேடும் வழியாகவும் இருக்கலாம். ஆனால், "உன் பாட்டன் எங்கே பிறந்தான்?" என்ற கேள்விக்குச் சான்றுடன் விடையளிக்க இயலாமையால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள் இந்நாட்டில் இலட்சக்கணக்கில் வாழ்ந்தனர். அவர்களே நமது மலையகத் தோட்டத் தொழிலாளர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வகுத்த நியதியை நோக்குவோம். அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர், தம் தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிறுவுதல் வேண்டும். தாயும் பாட்டியும் எங்கே பிறந்தனர் என்பது கணக்கில் எடுக்கப்படவில்லை. கொழுந்து பறித்த கைகளிற் பெரும்பாலானவை பெண்களின் கைகள் என்பதை நினைக்கும்போது, இதன் கொடுமை நன்கு விளங்கும்.

சான்றுக்குத் தொழிலாளி எங்கே போவான்? கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து வந்தோர் பலர், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர், மறுபடியும் வந்தனர். தேயிலைக் காலத்திற் குடும்பமாக நிலைத்த பின்னரும், பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு சென்ற பெண்கள் உண்டு. லயக் காம்பராவிற் பிறந்த பிள்ளைகள் பலரின் பிறப்போ பதியப்படவேயில்லை.

பின்னர் வந்தது 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய ஒப்பந்தம். 975,000 பேர் எனக் கணக்கிடப்பட்ட மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் பங்கிட்டன. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அம்மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியவராயினர். தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்தனர். போனவர்களிற் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலை மலையே ஏறினர். 1984இல் கப்பற் சேவையும் நின்றது, கடிதங்களும் குறைந்தன.

நாமறிந்த ஹற்றன் பகுதிக் குடும்பமொன்று, தன் பாட்டனின் தங்கையைத் தேடியது. டிரங்குப் பெட்டியில் எஞ்சியிருந்தவை, ஒரு தோட்டச் சான்றிதழும் கோத்தகிரியிலிருந்து வந்த கடிதமொன்றுமே. சான்றிதழில் எழுதப்பட்டிருந்த பெயர், வீட்டார் அறிந்த பெயரன்று. எழுதியவர் தம் காதில் விழுந்தவாறு எழுதியிருந்தார். கடிதத்தின் முகவரியைப் பின்பற்றிச் சென்றபோது அப்பாட்டி மறைந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அவருடைய மகள், தாம் சிறுவயதிற் பிரிந்த லயத்தையும் அதன் கீழே ஓடிய ஆற்றையும் மாரியம்மன் கோவிலையும் ஒன்றும் பிசகாமற் கூறினார். தம் மூத்த மகனை அழைத்தார். ஹற்றனிலிருந்து சென்றவரின் பெயரே அவனுக்கும்! இருவரும் தாங்கியது ஒரே முன்னோரின் பெயர். பேரன் என்ற சொல்லின் பொருள் அன்று அங்கிருந்தோர் அனைவருக்கும் விளங்கிற்று.

அரசாங்கம் கேட்ட சான்று ஏட்டில் இல்லை; அது மக்களின் நினைவில் இருந்தது.

2003ஆம் ஆண்டின் சட்டம், இங்கு எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. பிரிந்த உறவை எந்தச் சட்டமும் மீட்டுத் தரவில்லை. அதை நாமே செய்தல் வேண்டும். கழுத்திலே கட்டிய தகரத் துண்டு, செக்ரோல் ஏடு, பழைய கடிதம் ஆகியவற்றைக் குப்பையென எறிந்துவிடலாகாது. முதியோர் உயிருடன் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதி வைப்போம். இது குலப்பெருமை தேடும் முயற்சியன்று. இம்மலைகளைச் செழிப்பித்தவர்கள் பெயரற்றோர் அல்லர் என்று நிலைநாட்டும் பணியே இது.