ஐஸ் ஹாக்கி டிராஃப்ட்: வரிசையில் முன்னேற என்ன விலை?

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய உங்களுக்கு, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல் நடத்தும் டிராஃப்ட் கொஞ்சம் விசித்திரமாகத் தெரியலாம். அங்கே பணம் பேசாது, வரிசைதான் பேசும். 32 அணிகள், 7 சுற்றுகள், வழக்கமாக 224 இளம் வீரர்கள். பிளே-ஆஃப்புக்குப் போகாத 16 அணிகளுக்குள் குலுக்கல் நடத்தி முன்னிடங்களை முடிவு செய்வார்கள். மோசமாக ஆடிய அணிக்கு வாய்ப்பு அதிகம்.

நீங்கள் குறிவைத்த பையன் உங்கள் முறை வரும்வரை மிச்சமிருக்க மாட்டான் என்று தோன்றினால்? முன்னால் இருக்கும் அணியோடு இடத்தை மாற்றிக்கொள்ளலாம். சும்மா கிடைக்காது. உங்கள் இடத்தோடு பின்சுற்றுத் தேர்வு, அடுத்த ஆண்டுத் தேர்வு, சில நேரம் ஆடிக்கொண்டிருக்கும் வீரரையே சேர்த்துத் தர வேண்டும். உச்சியில் ஒவ்வொரு படியும் விலை அதிகம். கீழே போகப் போக மலிவு.

2008-இல் ஒட்டாவா 18-வது இடத்திலிருந்து 15-க்கு ஏறியது. நாஷ்வில்லுக்குக் கூடுதலாகக் கொடுத்தது, அடுத்த ஆண்டின் ஒரு 3-வது சுற்றுத் தேர்வு. அவ்வளவுதான். எடுத்த வீரர் எரிக் கார்ல்சன். பின்னாளில் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை 3 முறை வென்றவர். 18-வது இடத்தில் நாஷ்வில் எடுத்த கோல்கீப்பர் ஒரு என்எச்எல் ஆட்டம்கூட ஆடவில்லை.

ஆனால் இந்த வியாபாரத்தின் உச்சம் 1999-தான். ஸ்வீடனின் இரட்டையர்களான டேனியல், ஹென்ரிக் செடின் இருவருமே வேண்டும் என்று வான்கூவர் பொது மேலாளர் பிரையன் பர்க் முடிவெடுத்துவிட்டார். கையில் இருந்ததோ 3-வது இடம் மட்டும். முதலில் பிரையன் மெக்கேப் என்ற வீரரையும் 2000-இன் முதல் சுற்றுத் தேர்வையும் சிகாகோவுக்குக் கொடுத்து 4-வது இடத்தை வாங்கினார். அந்த 4-ஐயும் இரண்டு 3-வது சுற்றுத் தேர்வுகளையும் டாம்பா பேவுக்குத் தந்து முதல் இடத்தைப் பிடித்தார்.

இப்போது கையில் 1, 3. நடுவில் அட்லாண்டா உட்கார்ந்திருக்கிறது! அது ஒரு செடினை எடுத்துவிட்டால் செலவெல்லாம் வீண். அதனால் முதல் இடத்தை அட்லாண்டாவுக்கே கொடுத்துவிட்டு, 2-வது இடத்தையும் ஒரு 3-வது சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டார். ஒரே நிபந்தனை: செடின்களைத் தொடக்கூடாது. அட்லாண்டாவும் பேட்ரிக் ஸ்டெஃபானை எடுத்தது.

கவனியுங்கள், பர்க்குக்கு வேண்டியது முதலிடம் இல்லை, உறுதி. அட்லாண்டா யாரை விரும்புகிறது என்ற தகவல் இல்லாமல் இந்தக் கணக்கு நடந்திருக்காது. ஸ்டெஃபான் 455 ஆட்டங்களோடு நின்றார். செடின்கள் தலா 1,000 புள்ளிகளைத் தாண்டி, 2022-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்கள். ஆனாலும் வான்கூவருக்கு ஸ்டான்லி கோப்பை கிடைக்கவில்லை. 2011 இறுதிப்போட்டியின் 7-வது ஆட்டம்வரை வந்து தோற்றது.

இறங்குபவருக்கும் லாபம் நிச்சயமில்லை. 2002-இல் ஃப்ளோரிடா முதலிடத்தை விட்டு 3-க்கு இறங்க, கொலம்பஸ் ரிக் நாஷை எடுத்தது. ஃப்ளோரிடாவுக்குக் கிடைத்த விலை, 2003-இல் கொலம்பஸோடு முதல் சுற்று இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை. 2003 வந்தபோது முதலிடம் ஃப்ளோரிடாவிடமே இருந்தது. யாரோடு மாற்றுவது? அந்த இடத்தையும் அது பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்து மீண்டும் 3-க்கு இறங்கியது. பிட்ஸ்பர்க் எடுத்த கோல்கீப்பர் மார்க்-ஆண்ட்ரே ஃப்ளூரி, அந்த அணியோடு 3 முறை கோப்பை வென்றார்.